நிலைப்படியும் வாக்கரும்

நேயர்களுக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள். 67 வயதில், போன சித்திரையில், வலது முட்டியை மாற்றிக்கொண்டேன். அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள், மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். பாடு எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் உங்களுக்குத் தெரியாததா? தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை, அப்புறம் நிலைப்படி, ரேழி, கூடம். கழிப்பறை கொல்லைக் கோடியில். ஆஸ்பத்திரித் தரையில் சொன்னபடி கேட்ட வாக்கர், எங்கள் நிலைப்படியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வாக்கரின் நாலு காலும் அந்தப் பக்கம் நன்றாக ஊன்றிய பிறகுதான் நம் காலைத் தூக்க வேண்டும். அதைப் பழகவே எனக்கு நாலு நாள் ஆனது. படிக்கட்டுக்கு வேறு கணக்கு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

வீட்டில் எல்லாரும் தங்கமானவர்கள். அதுதான் தொந்தரவு. "நீங்க உட்காருங்க அத்தை" என்று தண்ணீர்கூடக் கைக்கு வந்தது. முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணையும் வந்தது. சுகமாக இருந்ததால் நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது வாரம் காலை நீட்டப் பார்க்கிறேன், முழுசாக நீட்ட வரவில்லை. பிசியோதெரபி தம்பி பார்த்தவுடன் தலையணையை உருவிவிட்டார். "இப்படியே படுத்தா கால் மடங்கினது மடங்கினதுதாம்மா. வைக்கணும்னா குதிகாலுக்கு அடியில வைங்க." அப்படி வைத்து, தொடையை இறுக்கி, முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து வரை எண்ண வேண்டும். மடக்குவதற்கு, குதிகாலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுப் படுக்கையில் வழுக்கி வழுக்கி இழுப்பேன். வலி மாத்திரை போட்டு அரைமணி கழித்துச் செய்தால் கண்ணில் தண்ணீர் வராது. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுவதற்கே முட்டி 90 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டுமாம்.

தண்ணீர்ச் செம்பைக் கூடத்துக் கோடியிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். தாகம் எடுத்தால் நானேதான் நடக்க வேண்டும். மருமகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வீக்கம் சில மாதம் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ஆடுசதை திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சல், தையலில் நீர் கசிவது என்றாலும் போய்க் காட்டிவிடுங்கள். பிசியோதெரபிக்கு டவுனுக்குப் போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள்.

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறியபோது வலது பக்கமே பிடித்துக்கொண்டிருந்தேன். தப்பு. முட்டி வலது என்றால் தடி இடது கையில்.

நடவுக்குப் போகிற பெண்கள் என்னிடம், "டீச்சர், இதைச் செஞ்சா மறுபடி வயல்ல இறங்கலாமா?" என்று கேட்கிறார்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வரப்பில் நடக்கலாம், சேற்றில் குந்தி வேலை செய்வது புது முட்டிக்கு ஆகாது. தரையில் சம்மணம் போடுவதையும் நான் விட்டுவிட்டேன். கோலம் மட்டும் விடவில்லை, இடுப்பை வளைத்து நின்றபடியே போடுகிறேன். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் என்னைப் பார்த்து அப்படிக் குனிந்துவிடாதீர்கள். உங்கள் டாக்டர் சொல்லும்வரை கூடாது.

ஆடிப்பெருக்கன்று அரசலாற்றுப் படித்துறைக்குப் போனேன். இடது கையில் தடி, வலது கையில் பேரன் தோள். ஆபரேஷன் கால் முதலில், நல்ல கால் பின்னால் என்று மூன்று படி இறங்கினேன். நாலாவது படியில் பாசி பச்சையாக மின்னியது. அங்கேயே நின்றுகொண்டேன். மருமகள் இறங்கிப்போய்ச் செம்பில் புதுத் தண்ணீர் மொண்டுவந்து என் காலில் ஊற்றினாள்.