எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "களிமண் தண்ணீரில் ஊறி ஜெல்லாகும் என்றீர்கள். பெண்டோனைட் என்ற களிமண் பொடியை, டொலுயீன் என்ற பெயிண்ட் கரைப்பானில் போட்டுக் கலக்கினேன். மணல் மாதிரி அடியில் உட்கார்ந்துவிட்டது. அப்படியென்றால் எண்ணெய்ப் பெயிண்டில் களிமண் எப்படி வேலை செய்கிறது?" செய்து பார்த்துவிட்டுக் கேட்கிறார் பாருங்கள், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்தக் களிமண் மெல்லிய தகடுகளின் அடுக்கு என்று முன்பே பேசியிருக்கிறோம். தடிமன் சுமார் 1 நானோமீட்டர். தகட்டில் எதிர்மின்சுமை, இடுக்கில் சோடியம் அயனிகள். தண்ணீர் அந்த அயனிகளைத் தேடி உள்ளே நுழையும். டொலுயீனுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் சோடியத்தை வெளியேற்றி, டொலுயீனோடு ஒத்துப்போகும் நீண்ட கொழுப்பு வால் உள்ள குவாட்டர்னரி அம்மோனியம் என்ற நேர்மின் அயனிகளை அங்கே உட்கார வைக்கிறார்கள். இதுதான் ஆர்கனோகிளே. பல வகைகளில் கூடவே கொஞ்சம் ப்ரொபிலீன் கார்பனேட்டோ, நீர் கலந்த எத்தனாலோ சேர்க்க வேண்டும். அது தகடுகளைப் பிரித்துவிடும். துளி நீர் தகடுகளின் விளிம்போடு விளிம்பை ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்து ஒரு வலையாக்கும். அளவு மீறினால் கட்டு தளர்ந்துவிடும்.

அப்படி உருவான ஜெல் இருக்கும் ஜாடியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சின்னக் குமிழிகள் அந்தரத்தில் நிற்கும், பெரிய குமிழி மட்டும் மேலேறிப் போய்விடும். 1 மில்லிமீட்டர் குமிழியைப் பிடித்து நிறுத்த 1 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு, மிகச் சிறியது) தாங்கும் வலையே போதும். அந்த வலை அறுபடும் எல்லைதான் ஈல்டு ஸ்ட்ரெஸ். பெயிண்ட் வெறும் பாகுத் திரவம் அல்ல என்று 1919-லேயே பிங்காம், கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

ஆனால் இந்த எல்லை எவ்வளவு என்று கேட்பதைவிட, 'எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது?' என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் எனக்கு ஆசை. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஒரே ஜாடியைக் காலையில் அளந்தார், மாலையில் அளந்தார். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று அன்றைய அளவுகளையெல்லாம் அடித்துவிட்டார். கருவி நன்றாகத்தான் இருந்தது! காலையில் குலுக்கிய கையோடு அளந்திருந்தார். மாலைக்குள் அறுந்த வலை திரும்பக் கூடியிருந்தது. ஆக, அந்த ஜாடிக்கென்று ஒற்றை எண் கிடையாது. எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அளவு. தூரிகை இழுக்கும்போது பெயிண்ட் ஓடுவதும், சுவரில் வழியாமல் நிற்பதும் இதனால்தான். வலை மீள்வதற்கு நேரமாகும் அந்த இடைவெளியில்தான் தூரிகைத் தடம் சமனாகிறது. சட்டென்று மீண்டால் தடம் அப்படியே நிற்கும். ரொம்பத் தாமதித்தால் வழிந்துவிடும்.

அப்புறம், கேள்வி கேட்ட நண்பரே, காற்றோட்டமான இடத்தில், தீயை அருகில் வைக்காமல், இந்த முறை ஆர்கனோகிளேயை எடுத்துச் செய்யுங்கள். குலுக்கி வைத்து 1 நிமிடத்தில் ஒரு முறை, 1 மணி நேரம் கழித்து ஒரு முறை ஜாடியைச் சாய்த்து, எந்தக் குமிழி நின்றது, எது ஏறியது என்று நேரத்தோடு எழுதி அனுப்புங்கள்.