லினக்ஸ் இன்ஸ்டால் ஆச்சு, பூட் ஆகலையா? எங்க நிக்குதுன்னு முதல்ல பாருங்க

[திரை: கருப்புத் திரையில் பிழைச் செய்தி, கீழே கர்சர் துடிக்கிறது]

இன்ஸ்டாலர் வேலையை முடிச்சிடுச்சு. பென் டிரைவைக் கழட்டிட்டு ரீஸ்டார்ட் பண்றீங்க, டெஸ்க்டாப் வரல. உடனே முதல்லேர்ந்து இன்ஸ்டால் பண்ண உட்காராதீங்க. பெரும்பாலும் டிஸ்க்ல ஏறின சிஸ்டம் நல்லாத்தான் இருக்கும், அதைக் கூப்பிடுற வழியிலதான் கோளாறு.

பவர் பட்டனை அழுத்தினதும் வேலை கைமாறிக்கிட்டே போகும். மதர்போர்டுல இருக்கிற யூஇஎஃப்ஐ, அதாவது பழைய பயாஸுக்குப் பதிலா வந்த தொடக்க மென்பொருள், க்ரப்பைத் தேடி எடுக்கும். க்ரப்னா லினக்ஸைக் கிளப்புற பூட்லோடர். க்ரப், லினக்ஸோட மையமான கெர்னலையும், பூட் ஆரம்பத்துக்கு மட்டும் வேணுங்கிற சின்ன தற்காலிக சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மெமரியில ஏத்தும். கெர்னல் ரூட் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்ல லினக்ஸ் இருக்கிற பகுதியை, மவுண்ட் பண்ணும், அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கும். அப்புறம் சிஸ்டம்டிங்கிற நிரல் மத்த சர்வீஸ்களைக் கிளப்பும். எந்தக் கையில நின்னுச்சுன்னு பிழைச் செய்தியே சொல்லிடும்.

[திரை: பூட் மெனு, ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில்]

க்ரப்பே வரல, பூட் பண்ண டிஸ்க் இல்லைன்னு சொல்லுதா? பூட் ஆர்டர் சரியா இருந்தும் இப்படி வந்தா, மோடு மாறியிருக்கலாம். பூட் மெனுவுல ஒரே பென் டிரைவ் ரெண்டு தடவை தெரியும். ஒண்ணுக்கு முன்னாடி மட்டும் யூஇஎஃப்ஐன்னு போட்டிருக்கும். அது இல்லாததைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் பண்ணியிருந்தா லெகசி மோடுல, அதாவது பழைய பயாஸ் முறையில ஏறியிருக்கும், மெஷினோ யூஇஎஃப்ஐல தேடிக்கிட்டிருக்கும். டிஸ்க்ல யூஇஎஃப்ஐ பூட் ஃபைல்களைத் தேடுற இஎஃப்ஐ பார்ட்டிஷனே இல்லைன்னா, இந்த ஒரு இடத்துல மட்டும் சரியான வரியை எடுத்து மறுபடி இன்ஸ்டால் பண்றதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

[திரை: க்ரப் ரெஸ்க்யூ ப்ராம்ப்ட்]

எல்லாரும் பயப்படுறது இந்த க்ரப் ரெஸ்க்யூ ப்ராம்ப்ட்டைப் பார்த்துதான். க்ரப்போட அடிப்படைத் துண்டு மட்டும் ஏறிடுச்சு, மிச்ச மாட்யூல்கள் இருக்கிற ஃபோல்டர் அதுக்குக் கிடைக்கல. பார்ட்டிஷனை அழிச்சு, மாத்திப் போட்டதுல நம்பர் நகர்ந்திருந்தா இப்படி ஆகும்.

இங்க எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் இந்த நாலு கட்டளைதான். முதல்ல எல்எஸ் அடிங்க. பார்ட்டிஷன்கள் அடைப்புக்குறிக்குள்ள வரிசையா வரும். கவனிங்க, டிஸ்க் எண்ணிக்கை 0லேர்ந்து, பார்ட்டிஷன் எண்ணிக்கை 1லேர்ந்து. எச்டி0, ஜிபிடி2ன்னா முதல் டிஸ்க்கோட ரெண்டாவது பார்ட்டிஷன். ஒவ்வொண்ணையும் எல்எஸ் போட்டு, கடைசியில சாய்வுக்கோடு சேர்த்துப் பாருங்க. ஃபைல்சிஸ்டம் தெரியலைன்னு சொன்னா அடுத்ததுக்குப் போங்க. இடிசி, ஹோம், பூட்னு ஃபோல்டர்கள் வரிசையா வந்தா அதுதான் ரூட்.

[திரை: கட்டளைகள் ஒவ்வொன்றாக]

செட் போட்டு ரூட்டுக்கு அந்தப் பார்ட்டிஷனைக் கொடுங்க. ப்ரீஃபிக்ஸுக்கு, அதாவது க்ரப் மாட்யூல்கள் இருக்கிற பாதைக்கு, அதே பார்ட்டிஷனோட பூட் ஃபோல்டர், அதுக்குள்ள க்ரப். ஃபெடோராவுல இந்த ஃபோல்டர் பேர் க்ரப்2. பூட்டுக்குத் தனி பார்ட்டிஷன் வச்சிருந்தா ரெண்டுக்கும் அந்தப் பூட் பார்ட்டிஷனையே கொடுங்க; பாதையில பூட் வராது, நேரா க்ரப்தான். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்குவாங்க. அப்புறம் இன்ஸ்மாட் நார்மல், கடைசியா வெறும் நார்மல். மெனு வந்துடும்.

ஆனா இது இந்த ஒரு தடவைக்குத்தான். உள்ள போனதும் சூடோவோட, அதாவது அட்மின் உரிமையோட, க்ரப்-இன்ஸ்டால், அப்புறம் அப்டேட்-க்ரப் ஓட்டுங்க. இது உபுண்டு, டெபியன் குடும்பத்துக்கு. லெகசி மோடுன்னா க்ரப்-இன்ஸ்டாலுக்கு டிஸ்க் பேரைக் கொடுக்கணும். எஸ்டிஏன்னு கொடுங்க, எஸ்டிஏ1னு பார்ட்டிஷனைக் கொடுக்காதீங்க.

[திரை: க்ரப் மெனு, பிறகு வெறும் கருப்பு]

மெனு வந்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் திரை கருப்பாயிடுச்சுன்னா கிராஃபிக்ஸ் டிரைவர் மேல சந்தேகம். என்விடியா கார்டுல இது சகஜம். மெனுவுல இ அழுத்துங்க. லினக்ஸ்னு தொடங்குற வரியோட கடைசியில ஒரு இடைவெளி விட்டு, கிராஃபிக்ஸ் டிரைவரை இப்போதைக்குத் தள்ளி வைக்கிற நோமோட்செட்னு சேர்த்து, எஃப்10 அழுத்துங்க. டெஸ்க்டாப் மந்தமா வரும், பரவாயில்லை. சரியான டிரைவரை ஏத்திட்டு நோமோட்செட் இல்லாம பூட் பண்ணுங்க. கையெழுத்தில்லாத மென்பொருளை ஏற விடாத செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, டிரைவர் ஏத்தும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்ல நீலத் திரையில அதே பாஸ்வேர்டைக் கொடுத்துக் கீயைப் பதிவு பண்ணணும். அந்தத் திரையைத் தாண்டிட்டா டிரைவர் லோடே ஆகாது.

ஏசிபிஐ (பவர், ஹார்ட்வேர் விவரத்தை சிஸ்டத்துக்குச் சொல்ற முறை) பிழைன்னு சில வரி ஓடிட்டு டெஸ்க்டாப் வந்துட்டா விட்டுடுங்க. பெரும்பாலும் அது பயாஸ் எழுதினவங்க விட்ட ஓட்டை.

இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்ல நின்னு, கையால எஃப்எஸ்சிகே, அதாவது ஃபைல்சிஸ்டத்தைச் சோதிச்சுச் சரி பண்ற கட்டளையை, ஓட்டச் சொன்னா, அந்தச் செய்தியில இருக்கிற பார்ட்டிஷன் பேரையே கொடுத்து ஓட்டுங்க. முடிஞ்சதும் எக்ஸிட். ரூட்டே கிடைக்கலைன்னு சொன்னா பார்ட்டிஷன்களைப் பட்டியல் போடுற பிஎல்கேஐடி அடிச்சு, டிஸ்க் தெரியுதான்னு பாருங்க.

[திரை: 90 வினாடி எண்ணிக்கை, பிறகு எமர்ஜென்சி மோடு]

ஒன்றரை நிமிஷம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போனா எஃப்எஸ்டேபைத் திறங்க, பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல் அது. பெரும்பாலும் இல்லாத பார்ட்டிஷனோட யூயூஐடி, அதாவது அடையாள எண், அதுல உட்கார்ந்திருக்கும். சேவ் ஆகலைன்னா ரூட் ரீட்-ஒன்லியா இருக்கு, எழுத அனுமதியோட ரீமவுண்ட் பண்ணுங்க. தப்பான வரிக்கு முன்னாடி ஹாஷ் குறி போடுங்க. எப்பவாவது மாட்டுற டிஸ்க்னா ஆப்ஷன்ல நோஃபெயில் சேருங்க, அது இல்லாட்டியும் பூட் நிக்காது. ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி மவுண்ட், மைனஸ் ஏ ஓட்டுங்க, எஃப்எஸ்டேப்ல இருக்கிறதை அது மவுண்ட் பண்ணிப் பார்க்கும். பிழை எதுவும் வரலைன்னா ரீபூட் பண்ணலாம்.