ஸ்டாப்பர் மேல போனா பின்னாடி எவன்டா?

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில உக்காந்து பேசுறேன், காத்து மைக்ல அடிச்சா பொறுத்துக்குங்க. கீழ ஆயாவோட சீரியல் இதைவிட சத்தம்.

எங்க ஏரியா செவன்ஸ் டீம், அதான் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால், வரிசையா தோத்துக்கிட்டே இருக்கு. பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த மேட்சுக்கு என்னை கிரவுண்டுக்குள்ளயே விட மாட்டானுக. காரைக்குடில பந்து பாக்குறவங்களுக்கு எந்த டீம்னு சொல்லாமலே தெரியும். தோத்ததைக்கூடத் தாங்கிக்கலாம் மக்களே, மேட்ச் முடிஞ்சு கழனிவாசல் டீக்கடையில நடக்குற பஞ்சாயத்தைத்தான் தாங்க முடியல.

ரெண்டு கட்சி. சித்தப்பா கட்சி, "மொதல்ல கோல் வாங்காம இருடா, பின்னாடி நாலு பேரை நட்டு வையி"ன்னு நிக்கிது. பசங்க கட்சி, "எல்லாரும் பின்னாடியே நின்னா எவன் கோல் போடுறது, ஏறி ஆடு"ங்குது. போன தடவை பஜ்ஜி ஆறி, டீ ஆறி, கடைக்காரண்ணன் ஷட்டரைப் பாதி எறக்குன பெறகும் முடியல.

சித்தப்பா கையில எப்பவும் ஒரு சீட்டு இருக்கும், 2004 யூரோ, ஐரோப்பிய நாடுகளோட போட்டி. ஜெயிச்சது கிரீஸ். கால் இறுதில ஃபிரான்ஸ், அரை இறுதில செக் குடியரசு, ஃபைனல்ல போர்ச்சுகலை அவங்க சொந்த ஊர்லயே வச்சு. மூணும் 1-0. பத்தாததுக்கு இப்ப 2022 உலகக் கோப்பை மொராக்கோவையும் சேத்துக்கிட்டாரு. அரை இறுதிக்கு வர்ற வரைக்கும் அவங்க வாங்குனது ஒரே கோல், அதுவும் சேம் சைடு கோல். சும்மா சொல்லக் கூடாது, மனுசன் கணக்கு சுத்தம்.

பசங்க பதிலுக்கு இந்தியன் சூப்பர் லீக்ல ஆடுற சென்னை டீம், சென்னையின் எஃப்சியைக் கொண்டாந்தானுக. 2019-20 சீசன். ஆரம்பத்துல அடி மேல அடி, கோச் ஜான் கிரிகரி போயி ஓவன் காயில் வந்தாரு. வந்த பெறகு டீம் ஏறுச்சு பாருங்க ஏத்தம்! அரை இறுதில கோவாவோட சென்னைல 4-1. அங்க போயி 2-4. நாலு கோல் வாங்கியும் மொத்தக் கணக்குல 6-5னு ஃபைனல். ஃபார்வர்டு வால்ஸ்கிஸ் அந்த வருசம் 15 கோல், கோல்டன் பூட் விருது. "பாத்தீங்களா சித்தப்பா, நாலு வாங்குனா அஞ்சு போடு, அவ்வளவுதான்"னு ஒருத்தன் குதிச்சான். சித்தப்பா டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு, "ஃபைனல்ல என்னாச்சு தம்பி?"ன்னாரு. கொல்கத்தா டீம் ஏடிகேகிட்ட 1-3. பய உக்காந்துட்டான்.

நடுவுல ஒன்னு. "இவ்வளவு பேசுறியே, சென்னையின் ஆடுற நேரு ஸ்டேடியத்துக்குப் போயிப் பாத்திருக்கியா"ன்னு சில பேர் கேக்குறீங்க. எங்க ஊர்லேருந்து பல்லவன் ரயில்ல விடியக்காலை ஏறிப் போயிரலாம். திரும்பி வர்ற பல்லவன் மத்தியானமே எழும்பூரை விட்டுக் கிளம்பிரும். மேட்ச் ராத்திரி ஏழரைக்கு. நம்ம உள்ள உக்காந்து விசிலடிக்கிறப்ப வண்டி விழுப்புரம் தாண்டியிருக்கும். டிவிதான் நமக்கு.

சரி, என் கருத்துக்கு வர்றேன். அதே சென்னையினோட வேற ரெண்டு சீசனைப் பாருங்க. 2018-19ல முந்துன வருசத்து சாம்பியன், 18 மேட்ச்ல 32 கோல் வாங்கி கடைசி இடம். டிஃபென்ஸ் ஓட்டைன்னு உடனே தோணும்ல? போட்டது வெறும் 16. அப்ப எது ஓட்டை? 2020-21ல சாபா லாஸ்லோ கோச். 20 மேட்ச்ல வாங்குனது 23தான், முன்னைக்கு எவ்வளவோ தேவலை. ஆனா போட்டது 17. பதினோரு டிரா, எட்டாவது இடம். கதவைச் சாத்துனாங்க, வெளிய போற வழியும் சேந்து சாத்திக்கிச்சு.

அதனால நாலு பேர் பின்னாடியா ரெண்டு பேர் பின்னாடியாங்குற கேள்வியே எனக்குப் பிடிக்கல. நம்ம கால்ல பந்து இருக்குறப்ப, அது போயிருச்சுன்னா எவன் எங்க நிக்கிறான்? எங்க டீம் அங்கதான் சாகுது.

சும்மா சொல்லல. நான் எப்பவும் வேப்பமரத்துக் கவட்டையில போனைச் செருகி முழு மேட்சும் எடுப்பேன். வாங்குன கோலை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ல போடுறேன், பாருங்க. நமக்கு கார்னர். எடுக்குறவனைத் தவிர மீதி அஞ்சு பேரும் எதிர் டீம் கோல் முன்னாடி பெட்டிக்குள்ள. பின்னாடி நடுவுல நின்னு தடுக்க வேண்டிய ஸ்டாப்பர் கையைத் தூக்கிக்கிட்டு "எனக்கு, எனக்கு"ங்குறான். பந்து அவன் தலையைத் தாண்டிப் போயி எதிர் டீம் பையன் நெஞ்சுல எறங்குது. இங்க நிறுத்துறேன். நம்ம பாதியைப் பாருங்க. கீப்பர் நிக்கிறான், அவனுக்குப் பத்தடி முன்னாடி அவங்க ஃபார்வர்டு இடுப்புல கை வச்சு ஒய்யாரமா நிக்கிறான். வேற ஒரு ஈ காக்கா இல்ல. கீப்பர் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருக்கான், அதை விடுங்க. ஒரே லாங் பால். நம்ம செம்மண் கிரவுண்டு வெயில்ல காஞ்சு கல்லாட்டம் கெடக்கு, பந்து ஒரு குத்து குத்துனா ஆள் உயரம் எழும்புது. கீப்பர் நிமிர்றதுக்குள்ள தலைக்கு மேல தட்டி விட்டான். கோல்.

அடுத்தது த்ரோ. அதே கதை. அதுக்கடுத்தது ஃப்ரீ கிக், நமக்குத்தான் கெடச்சது, கோல் விழுந்தது நம்ம பக்கம். சிராவயல் மஞ்சுவிரட்டுல மாடு போற பக்கமெல்லாம் கூட்டம் ஓடுமே, அந்த மாதிரி ஓடுறானுக பந்து பின்னாடி.

டிவில பாத்துட்டு ஒருத்தன் வந்து "டிஃபென்ஸ் லைனை மேல ஏத்துங்கண்ணே"ங்குறான். தம்பி, அது ஆஃப்சைடு இருக்குற ஆட்டத்துல, அதாவது பந்து வர்றதுக்கு முன்னாடியே எதிராளி நம்ம டிஃபென்ஸைத் தாண்டி நிக்கக் கூடாதுங்குற விதி. நம்ம செவன்ஸ்ல ஆஃப்சைடே கெடையாது. நீ லைனை எவ்வளவு மேல ஏத்துனாலும் எதிர் டீம் ஃபார்வர்டு பாட்டுக்கு உன் கீப்பர்கிட்ட நின்னு கதை பேசலாம்.

இந்த வீடியோவைக் காட்டுனதும் சித்தப்பாவுக்கு ஒரே சந்தோசம். "அதான் அப்பவே சொன்னேன், ஸ்டாப்பரை மேல விடாதீங்கடா"ன்னாரு. சித்தப்பா, உங்க கிரீஸ் செக் குடியரசைக் கவுத்த கோலைப் போட்டது யாரு? டெல்லாஸ். ஸ்டாப்பர். கார்னருக்கு மேல வந்து தலையால முட்டுனாரு. 2018ல சென்னையின் பெங்களூருக்கே போயி அவங்களை 3-2னு அடிச்சு ரெண்டாவது கப் தூக்குச்சே, அதுல ரெண்டு கோல் மைல்சன். அவரும் ஸ்டாப்பர், ரெண்டும் தலையால. இதை டிஃபென்ஸ் கணக்குல எழுதுறதா, அட்டாக் கணக்குல எழுதுறதா? நெட்டையா இருக்குறவன் கார்னருக்குப் போகத்தான் செய்வான். அவன் போறப்ப குட்டையா, வேகமா ஓடுற ரெண்டு பேர் சென்டர் லைன்கிட்ட நிக்கணும், ஒருத்தன் அந்த ஒய்யாரக்காரன் மேலயே ஒட்டிக்கிட்டு. வேற ஒன்னும் மாத்த வேணாம்.

கேப்டன்கிட்ட சொன்னேன், சரின்னுட்டாரு. ஒரு பையன் நிக்கிறேன்னுட்டான். இன்னொரு பையன், எங்க விங்கரு, மாட்டேங்குறான். "நான் கோல் அடிக்க வர்றேனா, காவல் காக்க வர்றேனா"ன்னு கேக்குறான். சித்தப்பா, கார்னருக்குப் பின்னாடி நின்னா மேட்ச் முடிஞ்சு பரோட்டா, சுக்கா என் செலவுன்னு பேரம் பேசிக்கிட்டு இருக்காரு. பய ரெண்டு பிளேட்டு கேக்குறான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேவகோட்டைப் பசங்களோட மேட்ச், லைவ் போடுறேன். மொத கார்னர் வர்றப்ப பந்தைப் பாக்காதீங்க, அந்த விங்கர் எங்க நிக்கிறான்னு பாத்து எனக்குச் சொல்லுங்க. இந்தா, ஆயா கூப்புடுது, வர்றேன்.