இனிப்புக்கு எதுக்குப்பா உப்பு?

நேயர்களுக்கு வணக்கம். அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக நடந்தவர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலுக்கு ஐஸ்கிரீம். ஆனால் நான் பேச வந்தது உப்பைப் பற்றி. ஆமாம், கல்லுப்பு.

காட்பாடியில் எங்கள் அக்கா கல்யாணம். எனக்குப் பத்து வயது இருக்கும். சமையல்காரர் ஒரு மரவாளியை இறக்கினார். நடுவில் தகர டப்பா, மேலே கைப்பிடி. டப்பாவில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த பால். சுற்றிலும் உடைத்த ஐஸ்கட்டி. அதன்மேல் தோல் மண்டிகளில் கொட்டுவார்களே, அந்த மாதிரி பெரிய கல்லாக உப்பு, படி படியாக! பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "இனிப்புக்கு எதுக்குப்பா இம்மாம் உப்பு?" என்றார். "உப்பு பாலுக்கு இல்லம்மா, ஐஸுக்கு" என்றார் அவர்.

நானும் சித்தப்பா பையனும் மாறி மாறிச் சுற்றினோம். முதலில் கைப்பிடி லேசாகச் சுழன்றது. போகப் போகக் கனத்தது. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. உடனே திறக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போனால் எல்லாம் வீண். மூடியை மூன்று தடவை துடைத்த பிறகுதான் திறந்தார். அந்த முதல் கரண்டியின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

பாட்டி கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெறும் ஐஸ் 0 டிகிரியில் உருகும். சர்க்கரை கலந்த பால் உறைவதற்கு அந்தக் குளிர் போதாது. உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் கீழே, மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போய் உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பாலிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பால் உறைந்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஐஸ்கிரீமுக்கு ஐஸ் மட்டும் போதாது, உப்பு வேண்டும். சுற்றுவது எதற்கு என்றால், பாலில் ஐஸ் பெரிய கட்டியாகச் சேராமல் பொடிப்பொடியாக இருக்கத்தான்.

இந்தக் கைப்பிடி வாளிக்கு 1843-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி. அதற்கும் வெகுகாலம் முன்பே, அக்பர் அரண்மனையில் வெடியுப்பைக் கரைத்த தண்ணீரில் குடிநீர்ப் பாத்திரத்தைச் சுழற்றிக் குளிரவைத்ததை அவர் அவையில் இருந்த அபுல் பசல் எழுதியிருக்கிறார். அங்கேயும் ஒரு உப்புதான், பாருங்கள்.

சரி, அந்தக் காலத்தில் நம்ம ஊரில் ஐஸுக்கு எங்கே போனார்கள்? சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீர்கள். 1842-இல் அது ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்த பாளங்களை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். இங்கேயே ஐஸ் செய்யும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் அந்தப் பேட்டைக்கு நின்றுவிட்டது.

கோன் ஐஸ், குச்சி ஐஸ் எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குல்பியைப் பற்றி ஒரே வார்த்தை. சாயங்காலம் உங்கள் தெருவுக்குப் பானை வைத்த குல்பி வண்டி வந்தால், உள்ளே ஐஸோடு என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வணக்கம்.