பஃபலோவின் ரப்பர் ஸ்டாம்ப்

நண்பர்களே, இன்றைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். நோட்டீஸில் அமெரிக்க மேயர் தேர்தல் என்று போட்டுவிட்டு ஸ்டாம்ப் என்கிறாரே என்று பார்க்காதீர்கள். தேர்தலுக்குள்தான் அந்த ஸ்டாம்ப் இருக்கிறது.

ஊர் பஃபலோ. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. 1950-இல் அங்கே ஏறத்தாழ 5,80,000 பேர் இருந்தார்கள். எஃகு ஆலைகள், தானியக் கிடங்குகள், சரக்குக் கப்பல்கள் என்று ஒரே பரபரப்பு. அப்புறம் ஆலைகள் மூடின, ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். 2020 கணக்கெடுப்பில் மிச்சம் 2,78,000 சொச்சம்.

அந்த ஊருக்கு 2006 ஜனவரியிலிருந்து மேயர் பைரன் பிரவுன். ஊரின் முதல் கறுப்பின மேயர். நான்கு முறை ஜெயித்துவிட்டு 2021-இல் ஐந்தாவது முறைக்கு நின்றார். எதிரே வந்தவர் இந்தியா வால்டன் என்ற கறுப்பினப் பெண். பெயரில்தான் இந்தியா, மற்றபடி நமக்குச் சொந்தமில்லை. 14 வயதில் தாயானவர், நர்ஸாக வேலை பார்த்தவர், தன்னைச் சோஷலிஸ்ட் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டவர்.

பஃபலோ ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அதனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத உட்கட்சித் தேர்தலே அங்கே உண்மையான தேர்தல். கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அதில் வாக்களிக்கலாம். பிரவுன் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. வால்டனோடு ஒரே மேடையில் விவாதிக்கக்கூட வரவில்லை. எல்லாம் பழைய கணக்கில் போய்விடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜூன் 22 இரவு வால்டன் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். 'அம்மா, நான் ஜெயிச்சிட்டேன், பஃபலோ மேயர் ஆயிட்டேன்' என்று கத்தினார். ஜனவரியில்தான் பதவி என்று அவரே சேர்த்துச் சொன்னார். அந்தக் காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. வித்தியாசம் ஆயிரம் வாக்குகள் சொச்சம். நவம்பர் பொதுத்தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளரே இல்லை. மில்வாக்கி நகரின் சோஷலிஸ்ட் மேயர் 1960-இல் இறங்கிய பிறகு அமெரிக்காவின் பெரிய நகரம் எதற்கும் சோஷலிஸ்ட் மேயர் வந்ததில்லை, வால்டன்தான் அடுத்தவர் என்று பத்திரிகைகள் எழுதின.

பிரவுன் தோல்வியை ஏற்கவில்லை. சுயேச்சையாகத் தன் பெயரை அச்சிடச் சொல்லி வழக்குப் போட்டார். கெடு தாண்டிய மனுதான், ஆனாலும் ஒரு நீதிபதி செப்டம்பரில் சரி என்றார். அதே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆக, வாக்குச்சீட்டில் பிரவுன் பெயர் கிடையாது.

மிஞ்சியது ஒரு வெற்றுக் கட்டம். அச்சிட்ட பெயர் எதுவும் பிடிக்கவில்லையென்றால் வாக்காளர் தானே ஒரு பெயரை எழுதலாம். நம் ஊர் வாக்காளருக்கு இது புதுசாகத் தெரியும். அங்கே பழைய உரிமை. ஆனால் எத்தனை பேர் பேனாவை எடுத்து, வட்டத்தை நிரப்பி, தப்பில்லாமல் பெயர் எழுதப் போகிறார்கள்? அதற்குத்தான் ஸ்டாம்ப். 'பைரன் பிரவுன்' என்ற பெயரோடு ஸ்டாம்புகளைச் செய்து ஆயிரக்கணக்கில் வினியோகித்தார்கள். கட்டத்தில் ஒரு குத்து, வேலை முடிந்தது.

இப்போது ஜூனில் உறங்கிய மனிதர் விழித்துக்கொண்டார். விவாத மேடைக்கும் வந்தார். நவம்பரில் கட்சிப் பதிவு தேவையில்லை என்பதால் குடியரசுக் கட்சிக்காரர்களும் அவருக்குக் குத்தினார்கள். வால்டனுக்காக சோஷலிஸ்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் குரல் கொடுத்தார், செனட்டர் சூமர் ஆதரவு தந்தார். பஃபலோக்காரரான ஆளுநர் ஹோக்குல் மட்டும் யார் பக்கமும் சாயவில்லை. என்னைக் கேட்டால், கட்சி தன் சொந்த வேட்பாளரைப் பாதி மனதோடு கைகழுவிய கதை இது. அதேசமயம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஜூனில் வந்தவர்கள் இருபதாயிரம் சொச்சம், நவம்பரில் வந்தவர்கள் அறுபதாயிரத்துக்கு மேல். அந்த நாற்பதாயிரம் பேரை யாரும் ஏமாற்றி அழைத்து வரவில்லை.

தேர்தல் இரவில் வாக்கு எண்ணும் இயந்திரம் சொன்னது இவ்வளவுதான்: வால்டனுக்குச் சுமார் 41 சதவீதம், எழுதிய பெயர்களுக்குச் சுமார் 59. யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அன்றிரவே பிரவுன் வெற்றி உரை ஆற்றிவிட்டார். ஆட்கள் உட்கார்ந்து சீட்டு சீட்டாகப் பார்த்துப் பெயர்களை எண்ணி முடிக்க வாரக்கணக்கானது. பிரவுன்தான்.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த பதவியை அவர் கடைசிவரை வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம். 2024 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டுக் குதிரைப் பந்தய பெட்டிங் நடத்தும் ஒரு பொதுத்துறைக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். காலியான நாற்காலிக்கு 2025 ஜூனில் மறுபடி உட்கட்சித் தேர்தல் நடந்தது. மாநில செனட்டர் ஷான் ரயன், தற்காலிக மேயராக உட்கார்ந்திருந்தவரைத் தோற்கடித்தார். இந்த முறை தோற்றவர் யாரும் ஸ்டாம்ப் செய்யக் கடைக்குப் போகவில்லை. நவம்பர் பொதுத்தேர்தலில் ரயன் ஜெயித்தார்.