அம்மம்மாவின் குரல் ஏன் தடித்தது?

[திரையில்: நல்லூர்ப் பக்கம் ஓர் ஒழுங்கை. மதிலோடு செவ்வரத்தை. உள்ளே கைபேசி அடிக்கிறது.]

ரொறன்ரோவிலிருந்து பேரன். "அம்மப்பாவோ கதைக்கிறது? அம்மம்மாட்டக் குடுங்கோ."

கதைப்பதே அம்மம்மாதான்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் 65 வயதுப் பெண்ணுக்குச் சில மாதங்களுக்குள் குரல் தடித்து, மீசை கறுத்து, முன்தலை முடி கொட்டி, கட்டுக்குள் இருந்த சீனியும் ஏறினால் "வயசு போனால் அப்படித்தான்" என்று விடக்கூடாது. நாடியில் நாலு முடி மெல்ல வருவது வேறு. இங்கே வேகம்தான் துப்பு.

[படம்: சூலகம்]

மாதவிடாய் நின்ற பிறகும் சூலகம் கொஞ்சம் டெஸ்ரோஸ்ரரோன் என்ற ஆண் ஓமோனைச் சுரக்கும். அரிதாக, லெய்டிக் கலக் கட்டி போன்ற ஒன்று அங்கே வளர்ந்து அதை அள்ளிக் கொட்டும். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. 3 சென்ரிமீற்றருக்கும் சிறியதாக, ஸ்கானுக்கே தப்பிவிடும். ஆனால் அது செய்யும் வேலை பெரிது: உடம்பு இன்சுலினுக்கு மசியாது, வயிற்றில் கொழுப்பு சேரும், சிவப்பணுக்கள் கூடும். ஹீமோகுளோபின் 17 என்றால் "நல்ல ரத்தம்" என்று சந்தோசப்பட வேண்டாம். ரத்தம் தடித்தால் உறையவும் கூடும்.

[காட்சி: கிளினிக் வாங்கு, மடியில் கொப்பிகள்]

சீனிக் கொப்பியை நீட்டுவோம், மீசையைச் சொல்ல மாட்டோம். போகுமுன் நூல் போட்டு எடுத்தும் விடுவோம், பிறகு டொக்டர் எதைக் காண்பது? என்னைக் கேட்டால், அந்தக் கூச்சம்தான் கட்டியைவிட அதிக நாள் இழுக்கிறது.

சொன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. டெஸ்ரோஸ்ரரோன் டெசிலிற்றருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் கட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள். சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியையும் பார்ப்பார்கள்.

சரி, ஈஸ்ரோஜன் என்ற பெண் ஓமோனைச் சுரக்கும் சூலகக் கட்டிகளும் உண்டு. கிரானுலோசாக் கட்டி அதில் முக்கியமானது. அது புற்றுநோய் வகைதான். கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் காட்டவேண்டும்.

[திரையில்: அதே வீடு]

டெஸ்ரோஸ்ரரோன் கட்டியுள்ள சூலகத்தை எடுத்தால் அந்த ஓமோன் சில நாட்களிலேயே இறங்கும். சீனியும் சிலருக்கு இறங்கும். முடி குறைய மாதங்கள் செல்லும். குரல் மட்டும் பழையபடி திரும்பாமலே போகலாம். பேரன் அடுத்த முறையும், "ஆர் கதைக்கிறது?" என்று கேட்கக்கூடும்.