மனக்கணக்குக்கு ஒரு கண்ணு தான் ஐயா!

நடுவர் ஐயாவுக்கும், ஷட்டர பாதி இறக்கிட்டு வந்து உக்காந்திருக்கற நம்ம சங்கத்து வியாபாரிங்களுக்கும் வணக்கம். கடைய பையன் கையில குடுத்துட்டு வந்தவங்க அப்பப்ப போன பாத்துக்கறீங்க, எனக்குத் தெரியுது, சீக்கிரமே முடிச்சிடறேன்.

"சின்னக் கடை நிக்கறது மனக்கணக்காலயா, எழுத்துக் கணக்காலயா?" இதான் தலைப்பு. நான் எழுத்துக் கணக்கு பக்கம். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் நல்லாவே கைதட்டல் வாங்கிட்டுப் போனார். "அந்தக் காலத்து அண்ணாச்சி பென்சில காதுல தான் சொருகினாரு, நோட்டுல வெக்கல, எல்லாம் மனசுல தான், ஒரு கடைய மூணு கடையா ஆக்கலயா?"ன்னு கேட்டார்.

ஏண்ணே, அந்த பென்சில் என்ன கம்மலா, அழகுக்கு மாட்டிக்க? பீடி அட்டைய கிழிச்சி எழுதி எழுதி கூட்டினது யாரு? தெக்கத்தி நாடார் கடைக்காரங்க மகமைன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, வியாபாரத்துல ஒரு பங்கு உறவின்முறைக்கு, அதாவது அவங்க சமுதாய சங்கத்துக்குப் போகும், பள்ளிக்கூடமெல்லாம் அதுல கட்டினது தான். வியாபாரம் எவ்ளோன்னே எழுதி வெக்காம பங்கு எப்படிண்ணே பிரிப்பாங்க? செட்டிநாட்டுக்காரங்க பர்மா, மலேயா வரைக்கும் போய் கடை வெச்சாங்க, முதலாளி இங்க, ஏஜென்ட் அங்க, நடுவுல கடல். பேரேடு, வரவு செலவு சொத்து கடன் எல்லாம் காட்டற ஐந்தொகைன்னு எழுதி வராம இருந்தா ஊர்ல இருந்தவரு எத நம்பி பணம் போட்டிருப்பாரு? அண்ணன் பெரியவங்க பேரச் சொல்லி அவங்க நோட்ட மட்டும் ஒளிச்சி வெச்சிட்டாரு.

நாம மட்டும் சும்மாவா, வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு புது நோட்டு வாங்கி, மஞ்ச குங்குமம் வெச்சி, பிள்ளையார் சுழி போட்டு, மொத பக்கத்துல பெருசா "லாபம்"னு எழுதிடறோம். ரெண்டாம் பக்கம்? அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் வெள்ளையா இருக்கு. அத சாமியே வந்து எழுதும்னு விட்டுட்டோம் போல.

சரி, விஷயத்துக்கு வரேன். மனக்கணக்கு தப்பா போடும்னு நான் சொல்லவே இல்ல. எங்க மாமனார் இருபது சாமான் ரேட்ட வாயாலயே கூட்டுவாரு, கால்குலேட்டர் தோத்துரும். மூணாவது மாடி அக்கா ஆறு மாசத்துக்கு முன்னாடி வாங்கின அரை கிலோ துவரம்பருப்பு பாக்கி கூட அவருக்கு ஞாபகம் இருக்கும். ஆனா காலைல டீக்கு எடுத்தது, பேத்தி வேன் ஃபீஸுக்கு எடுத்தது, மச்சான் வந்தப்ப பிரியாணிக்கு எடுத்தது, இத கேட்டுப் பாருங்க, "அதெல்லாம் சில்லறை"ன்னுடுவாரு. அடுத்தவன் நமக்குத் தரவேண்டியது பத்திரமா இருக்கும், நாம கல்லாவுலேர்ந்து எடுத்தது பறந்து போயிடும். மனக்கணக்குக்கு ஒரு கண்ணு தான்.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன், உங்க கடைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. ஒரு நாளைக்கு 9,000 ரூபா வியாபாரம், பால், அரிசி, பிஸ்கெட், சோப்பு எல்லாம் சேத்து சராசரியா நூத்துக்கு பத்து லாபமா நிக்குதுன்னு வெச்சிப்போம். மாசத்துக்கு 27,000. கடை வாடகை 9,000, ஃப்ரிட்ஜு ஓடறதால கரண்ட் 3,000, மிச்சம் 15,000. வீட்டுக்கு ஒரு நாளைக்கு 700 எடுக்கறீங்க, 9,000 ரூபா புரள்ற கல்லாவுல 700 கண்ணுலயே படாது. மாசத்துக்கு 21,000 ஆச்சா? 6,000 ரூபா எங்கேர்ந்து வந்துது? சரக்கு வாங்கற மொதல் பணத்துலேர்ந்து. வருஷத்துல 72,000 ரூபா மொதல நாமளே சாப்பிட்டிருக்கோம், ரேக்கு மெதுவா காலி ஆகுது, டிஸ்ட்ரிபியூட்டர் பில்லுக்கு பணம் இல்ல, அப்ப என்ன சொல்வோம்? "வியாபாரம் டல்லு". வியாபாரம் டல்லே இல்லங்க! வியாபாரம் அதே 9,000 தான்!

டல்லுன்னு சொல்லிட்டு அடுத்து எங்க போவோம்? தினம் வந்து வசூல் பண்ற தண்டல்காரன் கிட்ட கடனுக்கு. 10,000 ரூபா தண்டல்னா கைக்கு வரது 8,500, தினம் 100, நூறு நாள் கட்டணும். மனக்கணக்கு என்ன சொல்லும், "1,500 தானே, நூத்துக்கு பதினஞ்சு தானே". ஆனா மறுநாளே திருப்பிக் கட்ட ஆரம்பிச்சிடறோம் இல்ல, அம்பதாவது நாள் கிட்டத்தட்ட பாதிப் பணம் அவன் கைக்கே போயிருக்கும், அதுக்கும் சேத்து தான் அந்த 1,500. உக்காந்து எழுதிப் பாத்தா வருஷத்துக்கு நூத்துக்கு 120 வட்டி வருது. ஆனா பேங்க்ல சின்ன வியாபாரிங்களுக்கான அரசுத் திட்டம், முத்ரா சிஷு கடன் 50,000 வரைக்கும் அடமானம் இல்லாம இருக்கு. அங்க மேனேஜர் "மாசம் எவ்ளோ ஓடுது, எவ்ளோ நிக்குது"ன்னு கேட்டா நாம தலைய சொறியறோம், தண்டல்காரன் எதுவும் கேக்க மாட்டான், அதனால அவன் நல்லவன் ஆயிடறான்.

அடுத்து எதிரணித் தங்கச்சி, "இப்ப எதுக்கு நோட்டு, ஜிபே பெட்டி தான் கத்துதே, பேங்க் ஸ்டேட்மென்ட்டே கணக்கு"ன்னு கேட்டுச்சு. பெட்டி வந்தத மட்டும் தான்ம்மா கத்தும். அது சரக்கு வித்த காசா, மச்சான் திருப்பிக் குடுத்த கைமாத்தா, சீட்டு எடுத்த பணமான்னு பெட்டிக்குத் தெரியுமா?

2025 ஜூலைல பக்கத்துல கர்நாடகாவுல என்ன நடந்துச்சு? யூபிஐ வரவ வெச்சி சின்னக் கடைங்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு. ஹாவேரில ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு நாலு வருஷத்துல 1 கோடியே 63 லட்சம் வரவுன்னு சொல்லி 29 லட்சம் கேட்டாங்க. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது! கடைல "நோ யூபிஐ, ரொக்கம் மட்டும்"னு அட்டை தொங்கவிட்டாங்க, போராட்டம்னாங்க, அப்புறம் அரசு இறங்கி வந்துச்சு. அது வேற கதை. நம்ம வரவுக் கணக்கு ஏற்கனவே யாரோ எழுதிட்டு தான் இருக்காங்க. என்ன வித்தோம், என்ன வெலைக்கு வாங்கினோம்ங்கற பாதிய நாம எழுதலன்னா அவங்க எழுதினது தான் கணக்கு. சரக்கு விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு. ஒரு நாளைக்கு 11,000 ரூபா கிட்ட ஓடினாலே அந்தக் கோடு வந்துடும். வரியே இல்லாத பாலும் சில்லறை அரிசியும் கூட, மத்த சரக்கோட சேத்து வித்தா, அந்த 40 லட்சத்துல சேரும். இங்க எத்தன பேருக்குத் தெரியும்?

இன்னொருத்தர் சட்டத்தையே தூக்கிட்டு வந்தார். "வியாபாரம் 2 கோடிக்குள்ள இருந்தா கணக்குப் புத்தகம் வேணாம், நூத்துக்கு 8, டிஜிட்டல்ல வந்தா 6 லாபம்னு காட்டினா போதும்னு இன்கம்டாக்ஸே சொல்லுது"ன்னார். நியாயமான பாயிண்ட், நானே மனசுல கைதட்டினேன். ஆனா அது அரசாங்கத்துக்கு காட்ட வேணாம்னு சொல்லுது, நீங்க பாக்க வேணாம்னு சொல்லலயே! சர்க்கார் உங்க லாபத்த அனுமானம் பண்ணிக்குது, பரவால்ல, அவங்களுக்கு ஆயிரம் வேல. உங்க லாபத்த நீங்களே அனுமானம் பண்ணா எப்படி? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு தானே நம்ம ஊர்ல சொல்வாங்க.

2015 வெள்ளத்துலயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் நோட்டெல்லாம் நனஞ்சி போச்சேன்னு ஒரு அண்ணன் உருக்கமா சொன்னார். உண்மை தான். ராத்திரி எழுதின பக்கத்த ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு வாட்ஸப்ல போடுங்க, தண்ணி அவங்க கிட்ட வராது. நீங்க எவ்ளோ எடுத்தீங்கன்னு அவங்களுக்கும் தெரியும், அது தான் உங்களுக்கு பிரச்னைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.

டேலி மாதிரி கணக்கு சாஃப்ட்வேர் வேணாம், ஆடிட்டர் வேணாம். ரொக்கம், ஜிபே, பாக்கி, சரக்குக்கு குடுத்தது, வீட்டுக்கு எடுத்தது, இத்தன கோடு கிழிச்சா போதும், கல்லா எண்ணி முடிக்கறதுக்குள்ள எழுதிடலாம். "நேரம் இல்ல"ன்னு சொல்றவங்க ஷட்டர் இறக்கிட்டு ரீல்ஸ் பாக்கற நேரத்த நான் சொல்லல.

நடுவர் மணிய தொட்டுட்டார். அடுத்து வரப்போற எதிரணிப் பேச்சாளரும் கடை வெச்சிருக்கறவர் தான். அவர் வந்து மொதல்ல ஒரே கேள்விக்கு மனசுலேர்ந்து பதில் சொல்லட்டும், போன மாசம் கல்லாவுலேர்ந்து வீட்டுக்கு எவ்ளோ எடுத்தீங்கண்ணே? நன்றி, வணக்கம்.